டெல்லித் தீர்ப்பும் மயிலிட்டிக் காணியும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. யாழ்ப்பாணம் நீதிமன்ற விறாந்தையில் ஒரு வாங்கிலில் இருக்கிறேன். பக்கத்தில் வெள்ளைச் சேட் போட்ட ஒருவர். ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறாராம். கடனுக்குச் சீமெந்து எடுத்த ஒப்பந்தக்காரர் கொடுத்த செக், வங்கியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. மனிதர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று கைத்தொலைபேசியை என் மூக்குக்கு நேரே பிடித்தார். "உச்ச நீதிமன்றமே சொல்லிப்போட்டுது. செக் திரும்பினா ஆள் தப்பேலாது. எங்கடை சட்டத்தரணிக்கு இது தெரியேல்லை. நான்தான் காட்டோணும்."

பார்த்தேன். கறுப்புக் கோட் போட்ட ஒருவர் சென்னைத் தமிழில் முழங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இது டெல்லியிலை இருக்கிற கோடெல்லோ, இந்திய நீதிமன்றமெல்லோ?"

"ஓம்."

"எங்கடை உச்ச நீதிமன்றம் கொழும்பிலை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வழக்குப் பார்க்க வந்த மனுசிக்கு என்ன தெரியும் என்ற பார்வை. "செக் எல்லா இடமும் ஒண்டுதானே அக்கா" என்றார்.

வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நான் அன்று அங்கே போய்க் குந்திக்கொண்டிருந்ததே, இதேபோல ஒரு டெல்லித் தீர்ப்பு செய்த வேலையால்தான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் செக்கைத் திருப்பி அனுப்பியவர். இப்போது காலையில் பிட்டும் சம்பலும் வாயில் இருக்கும்போதே இந்திய உச்ச நீதிமன்றத்தைத் திறந்துவிடுவார். இன்றைக்கு செக் மோசடி, நாளைக்கு ஜீவனாம்சம், மறுநாள் விவாகரத்து. "பார்த்தீரோ, என்ன மாதிரித் தீர்ப்பு!" என்பார். யாருக்கு ஐயா அந்தத் தீர்ப்பு? கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு.

நாங்கள் அப்படித்தான். சீரியல் அங்கிருந்து வருகிறது, சாறி அங்கிருந்து வருகிறது, நகை டிசைன் அங்கிருந்து வருகிறது. சட்டம் மட்டும் வராதா என்ன? போனில் தமிழில் ஒருவர் சொன்னால் அது எங்கள் சட்டம்தான் என்று தலையாட்டிவிடுகிறோம். உண்மையில் எங்களை ஆளுகிற சட்டம் எது என்று கேட்டால்... பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியவருகிற நாளில் தலையில் இடி விழும்.

வசந்திக்கு அப்படித்தான் விழுந்தது.

வசந்தி எங்கள் ஒழுங்கையில், கொக்குவிலில், வாடகைக்கு இருப்பவள். டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஒரே மகள், நிலா. சொந்த ஊர் மயிலிட்டி. யுத்தத்தில் ஊரோடு இடம்பெயர்ந்த குடும்பம். ஊர் முழுவதும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகி, காணி கம்பிவேலிக்கு உள்ளே போய்விட்டது.

அந்தக் காணியைத்தான் வசந்தியின் அம்மா அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். ஆமி இருக்கிற காணியைச் சீதனமாக எழுதுவதா என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். எழுதினோம். வேறு என்ன இருந்தது எங்களிடம்? உறுதிப் பத்திரம் கையில், காணி வேலிக்கு உள்ளே. எத்தனையோ கல்யாணங்கள் அந்த நம்பிக்கையில்தான் நடந்தன.

மாப்பிள்ளை பகுதியும் தலையை ஆட்டித்தான் வாங்கினார்கள். ஆனால் கல்யாணம் முடிந்து கொஞ்சக் காலத்திலேயே குத்தல் கதை தொடங்கிவிட்டது. உறைப்புக் கூடினால், உப்புக் குறைந்தால், மழை பெய்தால், பெய்யாவிட்டால்... எல்லாவற்றுக்கும் ஒரே வசனம்: "உன்ரை அம்மா தந்தது காசில்லாத செக்." புருசன் சொல்வார். புருசனின் தமையன் சொல்வார். கல்யாண வீடு, செத்த வீடு, எங்கே கண்டாலும் நாலு பேர் முன்னால் சொல்வார். வசந்தியின் அம்மா அதைக் கேட்டுக் கேட்டே கண்ணை மூடினார்.

பிறகு புருசன் லண்டனுக்குப் போனார். முதலில் போன் வந்தது. பிறகு போன் குறைந்தது. பிறகு அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் இருக்கிறது என்ற செய்தி வந்தது. நிலா அப்போது இரண்டாம் வகுப்பு. இப்போது உயர்தரப் பரீட்சை எடுத்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கிறாள். இடையில் அந்த மனிதர் ஒரு பென்சில்கூட வாங்கி அனுப்பியதில்லை.

செக் திரும்பி வந்தால் ஊரே கொதிக்கிறது. பொலிஸ், வழக்கு, சட்டத்தரணி, அனுதாபம் எல்லாம் உண்டு. புருசன் திரும்பி வராவிட்டால்? "பொறுமையா இரும் பிள்ளை" என்பார்கள். அவ்வளவுதான்.

வசந்தி பொறுமையாகத்தான் இருந்தாள். வாடகை வீடு வாடகை வீடாக மாறினாள். எங்கள் பக்கத்து வாடகை வீடுகளின் சீர் தெரியும்தானே? சொந்தக்காரர் கனடாவிலோ சுவிஸிலோ இருப்பார். நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வரப்போகிறோம், எழும்புங்கோ என்று ஒரு மெசேஜ் வரும். சட்டி பானையோடு எழும்ப வேண்டும். அவர்கள் மூன்று கிழமை இருந்துவிட்டுப் போனதும் வீடு பூட்டிக் கிடக்கும்.

இந்த நிலையில்தான் ஆமி மயிலிட்டியில் கொஞ்சக் காணிகளைச் சொந்தக்காரர்களிடம் திருப்பி விட்டது. வசந்தியின் காணியும் விடுபட்டது. அவளும் மகளும் போய்ப் பார்த்தார்கள். வீடு இல்லை. கூரை, நிலை, கதவு, கல் ஒன்றுமில்லை. ஈச்சம் பற்றைக்குள் கிணறு மட்டும் இருந்தது. இறைத்துத் துப்புரவாக்கிய பிறகு ஒரு வாளி அள்ளி, இரண்டு பேரும் குடித்துப் பார்த்திருக்கிறார்கள். கடலுக்குக் கிட்ட இருந்தும் உப்பில்லை. அன்று எங்கள் வீட்டுக்கு வந்து அந்தக் கதையைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் அவளை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

"அக்கா, ரெண்டு அறை போதும். இனி ஆரும் என்னை எழும்பு எண்டு சொல்லக்கூடாது" என்றாள்.

வங்கியில் வீட்டுக் கடனுக்குப் போனாள். சம்பளச் சான்றிதழ் சரி. உறுதி சரி. வரைபடம் சரி. காணியை ஈடு வைக்க வேண்டும். அதிகாரி நல்ல பிள்ளை. எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார்:

"கணவரின்ரை சம்மதக் கையெழுத்து?"

அன்றைக்குத்தான் வசந்திக்குத் தேசவழமை தெரியவந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துத் தமிழர்களான எங்களுக்குச் சொத்து விஷயத்தில் தனிச் சட்டம் இருக்கிறது. ஒல்லாந்தன், அதாவது டச்சுக்காரன், காலத்தில் எழுதி வைத்த வழமை, அதற்கு மேல் இங்கிலீசுக்காரன் கட்டிய சட்டம். அதன்படி, கல்யாணம் கட்டிய பெண் தன் சொந்தக் காணியை, தன் சொந்த வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கொடுக்கவோ வேண்டுமென்றால் புருசன் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அவருடைய காணியை அவர் விற்க? மனைவியிடம் கேட்கத் தேவையில்லை.

இதை முதன்முறை கேட்பவர்கள் கொஞ்சம் தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். இன்னும் இருக்கிறது.

கல்யாணம் கட்டாத பெண் தன் காணியை விற்கலாம். புருசன் செத்தவள் விற்கலாம். விவாகரத்து எடுத்தவள் விற்கலாம். கல்யாணம் கட்டி இருப்பவளுக்கு மட்டும்தான் புத்தி மழுங்கிவிடுகிறது போலும். நகையை விற்கக் கையெழுத்து வேண்டாம். புருசன் கட்டிய தாலிக்கொடியைக் கழற்றி அடகு வைக்கலாம், சட்டம் வாயே திறக்காது. அம்மா தந்த காணியைத் தொட்டால்தான் குற்றம். மரணசாசனம் எழுதவும் புருசனின் சம்மதம் தேவையில்லை. அதாவது நான் செத்த பிறகு என் காணியை யாருக்கும் கொடுக்கலாம். உயிரோடு இருந்து கொடுக்கத்தான் அவரைக் கேட்க வேண்டும்.

இதைச் சொன்னால் எங்கள் பெரிய மனிதர்களுக்குக் கோபம் வரும். பெண்ணுக்குச் சொத்துக் கொடுத்த சட்டம் தேசவழமை, எங்கள் அடையாளம், எங்கள் பெருமை என்பார்கள். கொடுத்ததுதான். யார் இல்லையென்றது? கொடுத்துவிட்டு, பூட்டித் திறப்பை மருமகனிடம் கொடுத்தது ஏன் என்றுதான் கேட்கிறேன். இதை மாற்ற வேண்டும் என்ற பேச்சு என் இளமையிலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பேச்சாகவே இருக்கிறது. மாற்றும் இடத்தில் இருந்தவர்களின் மனைவிமாருக்கு மயிலிட்டியில் காணி இல்லையாக்கும்.

சரி, வசந்திக்கு வருவோம். வங்கியிலிருந்து வந்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? நேரே ஒரு சட்டத்தரணியிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. குடும்ப வட்சப் குழுவில் யாரோ ஒரு வீடியோ போட்டிருந்தார்கள். அதே கறுப்புக் கோட், அதே சென்னைத் தமிழ். பல வருசம் பிரிந்து இருந்தால் அது கல்யாணமே இல்லை, உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்று. வசந்தி அதை மூன்று தரம் பார்த்தாள். பிறகு எங்கெங்கோ விசாரித்து நம்பர் எடுத்து, லண்டனுக்கே போன் பண்ணிவிட்டாள்.

"உச்ச நீதிமன்றமே சொல்லிப்போட்டுது. மயிலிட்டிக் காணி விட்டாச்சு. நான் வீடு கட்டப்போறன். உங்கடை கையெழுத்து எனக்குத் தேவையில்லை."

அந்தப் பக்கத்திலிருந்து "காணி விட்டிட்டாங்களோ?" என்ற ஒரு கேள்வி மட்டும் வந்ததாம்.

இரண்டு கிழமையில் புருசனின் தமையன் வசந்தியின் வீட்டு வாசலில், படலையடியில் நின்றார். கையில் அற்றோனித் தத்துவம். தம்பிக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம் இனி அவருக்கு. "பாதியைத் தம்பியின்ரை பேரிலை எழுது. கையெழுத்து உடனை வரும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் வசந்தி என்னிடம் ஓடிவந்தாள். நான் அவளைச் சட்டத்தரணியிடம் இழுத்துக்கொண்டு போனேன். சின்னப் பெண்தான், ஆனால் கூர்மை. முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"அக்கா, புருசன் விட்டிட்டுப் போயிருந்தா அவரின்ரை சம்மதம் இல்லாமலே காணியை ஈடு வைக்க எங்கடை மாவட்ட நீதிமன்றம் அனுமதி குடுக்கலாம். உந்தச் சட்டத்திலேயே அதுக்கு இடம் இருக்கு. பேசாமல் என்னட்டை வந்திருந்தா மனுப் போட்டிருப்பன். எதிர்க்க ஒருத்தரும் வந்திருக்க மாட்டினம். நீங்கள் நித்திரை கொண்ட ஆளைத் தட்டி எழுப்பிப்போட்டியள்."

"உச்ச நீதிமன்றம் எண்டு போட்டிருந்தது தங்கச்சி" என்றாள் வசந்தி.

"அது வேறை நாடு அக்கா."

வசந்தி குனிந்துகொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வேறு நாட்டில் ஒரு நீதிபதி சொன்னது அவளுக்கு நியாயமாகப் பட்டது. தன் நாட்டுச் சட்டம் அவ்வளவு அநியாயமாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அது பிழையா?

"விவாகரத்து எடுத்தால் என்ன?" என்று நான் கேட்டேன். எடுக்கலாம், ஆனால் அவர் எதிர்த்தால் வருசக்கணக்கில் இழுபடும், முதலில் காணிக்கு அனுமதி எடுப்போம் என்றாள் சட்டத்தரணி. மனுப் போட்டார்கள். தமையன் எதிர்ப்புத் தெரிவித்தார். அந்த விசாரணைக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை, ஹாட்வெயார்க்காரருக்குப் பக்கத்தில், நான்.

தமையன் நீதிமன்றத்துக்குக் கொடுத்த சத்தியக்கடதாசியை வாசித்தபோது எனக்குக் காது சூடானது. தம்பி மனைவியைக் கைவிடவில்லையாம். குடும்பத்துக்காகத்தான் வெளிநாட்டில் உழைக்கிறாராம். மனைவிக்குக் காணி விவகாரம் விளங்காதாம், யாராவது ஏமாற்றிவிடுவார்களாம், மனைவியின் பாதுகாப்புக்காகத்தான் சம்மதம் தர மறுக்கிறாராம்.

பாதுகாப்பு. மயிலிட்டிக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தானே வேலி போட்டார்கள்?

எங்கள் சட்டத்தரணி தமையனைக் குறுக்கு விசாரணை செய்ய எழும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"உங்கடை தம்பியின்ரை மனைவி இப்ப எங்கை இருக்கிறா?"

"கொக்குவிலிலை."

"கொக்குவிலிலை எங்கை?"

"ஸ்டேசனுக்குக் கிட்ட, மஞ்சள் மதில் வீடு."

அது வசந்தி கல்யாணம் கட்டிய புதிதில் இருந்த வீடு. அவர் படலையடியில் வந்து நின்ற வீடு எங்கள் ஒழுங்கையில் இருக்கிறது. அதைச் சொன்னால் தம்பி விட்டுவிட்டுப் போய் அவள் தனியாக இருக்கிறாள் என்பது வெளியே வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

"மகள் என்ன செய்யிறா?"

"படிக்கிறா."

"என்ன படிக்கிறா?"

செருமினார். "பிள்ளை நல்ல கெட்டிக்காரி" என்றார்.

"பிள்ளையைக் கண்டா அடையாளம் தெரியுமோ?"

"ஏன் தெரியாது?"

"இந்த மண்டபத்திலை இருக்கிறாவோ?"

அவர் சுற்றிப் பார்த்தார். நிலா என் பக்கத்தில்தான் இருந்தாள். அவளைத் தாண்டித்தான் அவர் சாட்சிக் கூண்டுக்குப் போயிருந்தார். அவருடைய கண் அவள்மேல் நின்றது, பிறகு நகர்ந்தது. "இல்லை" என்றார்.

நிலா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் அழவில்லை. பிடி மட்டும் இறுகியது.

தீர்ப்புக் கட்டளைக்கு வேறொரு நாளைத் தவணையாகக் கொடுத்தார்கள். வெளியே வந்தோம். வாகனங்கள் நிற்கும் இடத்தில் தமையன் நின்றார். இனி என்ன ஆகும் என்று அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். குரல் இறங்கியிருந்தது.

"வசந்தி, கோடு கச்சேரி எண்டு ஏன் அலைவான்? பாதி வேண்டாம். கால் பங்கை எழுதித் தா. இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

வசந்தி அந்த மனிதருக்கு முன்னால் குரல் உயர்த்தி நான் கண்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"அத்தான், என்ரை அம்மா தந்தது காசில்லாத செக் எண்டு நீங்கள்தான் ஊரெல்லாம் சொன்னனீங்கள். காசில்லாத செக்கிலை உங்களுக்கு என்ன கால்?"

அவர் ஓட்டோ பிடித்துப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரருக்கு எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "நான் அப்பிடியே? நீர் எந்தக் கடதாசியை நீட்டினாலும் வாசியாமலே கையெழுத்து வைப்பன்" என்றார். உண்மைதான். வைப்பார். நல்ல மனுசன். ஆனால் அன்று அதைக் கேட்க எனக்கு இன்னும் கோபம் வந்தது. நான் இருக்கிற வீடு என் அப்பா எனக்கு எழுதித் தந்தது. அதன் மதிலில் பாதியை நான் விற்க வேண்டுமென்றால், கட்டியவர் நல்லவராக அமைந்தது என் அதிர்ஷ்டம் என்று கோவிலில் தேங்காய் உடைக்க வேண்டுமா? நல்ல புருசன் கிடைத்தால் காணி, கெட்ட புருசன் கிடைத்தால் கோடு. இதற்குப் பெயர் சட்டமா, சீட்டிழுப்பா?

"நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டார், பாவம். அன்று இரவு அவருக்குத் தோசை சுட்டுக் கொடுத்தேன். சம்பல் மட்டும் கொஞ்சம் உறைப்பு.

இந்தக் கிழமை கட்டளை வந்தது. கணவரின் சம்மதம் இல்லாமலே காணியை ஈடு வைத்துக் கடன் எடுக்க வசந்திக்கு அனுமதி. சட்டத்தரணி போன் பண்ணிச் சொன்னாள். மருந்துக்கடை முடிந்து வசந்தி வரும்வரை படலையிலேயே நின்றேன். வந்தாள். சைக்கிளை மதிலில் சாத்தினாள். நான் கட்டிப் பிடித்தேன். நிலா ஓடிவந்து இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்தாள்.

வசந்தி சிரிக்கத்தான் செய்தாள். பிறகு படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, முதலிலை ஆமி விட்டது. இப்ப கோடு விட்டிருக்கு. என்ரை காணியை எனக்கு விட இன்னும் ஆர் மிச்சம்?"

உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள். டெல்லியிலிருந்து மட்டும் அனுப்ப வேண்டாம்.